கலியபெருமாள் உடைத்துப் பார்த்த பற்கள்

செய்தி வந்தபோது ஒரு நோயாளியின் முன்பல்லில் அமிலம் வைத்திருந்தேன். பெரம்பலூரில் என் கிளினிக்கில் காலை நேரம். நர்ஸ் போனைக் கொண்டுவந்து என் காதருகே பிடித்தாள். "டாக்டர், நான் தமிழ்ச்செல்வி பேசுறேன். அப்பா விடியக்காலையில போயிட்டாங்க" என்றது குரல். "வரேம்மா" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. அமிலம் வைத்த பல் யாருக்காகவும் காத்திருக்காது. கழுவினேன், உலர்த்தினேன், பசையை வைத்து நீல விளக்கைக் காட்டி இறுக வைத்தேன். அந்த நோயாளி எழுந்து போன பிறகு, அதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிப் போயிருந்தால் தமிழ்ச்செல்வியின் அப்பா கலியபெருமாளே என்னைத் திட்டியிருப்பார்.

அரியலூர் பக்கத்து சிமெண்ட் ஆலை ஒன்றில் அவரோடு வேலை பார்த்தவர்கள் இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்களுக்கு அவர் ஆய்வுக்கூடத்து 'டெஸ்டிங்' கலியபெருமாள். நாள் முழுக்க சிமெண்ட் கட்டிகளைச் செய்து, ஊறப்போட்டு, பிறகு அவற்றை உடைத்துப் பார்ப்பதற்காகவே சம்பளம் வாங்கியவர். கல்லங்குறிச்சியில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்த குடும்பத்தில், கேட் பாஸ் வைத்துக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள். இதெல்லாம் நீங்கள் அறிந்ததுதான். பல்லுக்கும் அவருக்கும் இருந்த தொடர்பு உங்களில் பலருக்குத் தெரியாது. தெரியாமல் போனதில் என் தவறும் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். நான் மதராஸில் பல் மருத்துவம் படித்து முடித்து, அரியலூரில் ஓர் அறக்கட்டளை நடத்திவந்த சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தேன். அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை. பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். காலால் மிதித்து ஓட்டும் பல் ராவும் இயந்திரம், ஒரு நாற்காலி, பக்கத்தில் துப்புவதற்கு ஒரு பேசின், ஓர் எவர்சில்வர் டம்ளர், இவ்வளவுதான் என் சாம்ராஜ்யம். எனக்கு மேலே இருந்த பெரிய டாக்டருக்கு எல்லாப் பல் வியாதிக்கும் ஒரே வைத்தியம்தான்: பிடுங்கு. நான் வந்த முதல் வாரத்திலேயே அவரோடு முறைத்துக்கொண்டேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டிலேயே சொல்வார்கள்.

அங்கேதான் தமிழ்ச்செல்வி வந்தாள். பதினேழு வயது. அடிபம்பில் தண்ணீர் அடிக்கும்போது கைப்பிடி வழுக்கி, மேலே எகிறி வாயில் அடித்துவிட்டது. மேல்வரிசை முன்பல் குறுக்கே பாதி போய்விட்டது. நரம்பு வெளியே தெரியவில்லை, வேர் ஆடவில்லை. பெரிய டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, எடுத்துவிட்டுப் பொய்ப்பல் பிளேட் கட்டிவிடலாம் என்று சொல்லிப் போனார். அந்தப் பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நான் எது கேட்டாலும் விரல் சந்து வழியாகத்தான் பதில் வந்தது. ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். திருச்சியில் நேர்முகத் தேர்வு, உரக்க வாசித்துக் காட்டச் சொல்வார்கள். இந்த வாயோடு நான் போகமாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாளாம். இதையெல்லாம் சொன்னவர் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த அப்பா. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

நான் கல்லூரியில் கற்று வந்த புதிய முறையைக் காட்ட இதைவிட நல்ல பல் கிடைக்குமா? அந்த முறை எளிமையானது. பல்லின் மேலிருக்கும் எனாமல் வழுவழுப்பானது, அதில் எதுவும் ஒட்டாது. ஒரு நிமிடம் அமிலத்தைத் தடவினால், கொத்திய அம்மி போல அது சொரசொரப்பாகிவிடும். சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்துத் தெரியும். அந்தச் சொரசொரப்பில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத குழிகளுக்குள் பசை இறங்கி இறுகினால் பிடித்துக்கொள்ளும். பல்லைக் குடைய வேண்டாம், பிடுங்க வேண்டாம். உடைந்துபோன பாதியை அந்தப் பசையிலேயே உருவாக்கி வைத்து, கண்ணாடியைக் கையில் கொடுத்தபோது எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

பதினோராம் நாள் அது விழுந்தது. மறுபடி வைத்தேன். மூன்று வாரத்தில் மறுபடி விழுந்தது. கல்லையா கடித்தாள் என்று கேட்டேன், இட்லி என்றார்கள். அவளுக்கு மட்டுமா? நான் வைத்த முன்பல் துண்டுகள் ஒவ்வொன்றாய் ஊரெல்லாம் உதிர்ந்துகொண்டிருந்தன. 'ஒட்டுப்பல் டாக்டரம்மா' என்று பஸ் ஸ்டாண்டில் பெயர் வைத்துவிட்டார்கள். பெரிய டாக்டர் வாய்விட்டுச் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது.

இரண்டாவது துண்டு விழுந்த மறுநாள் கலியபெருமாள் ஒரு தீப்பெட்டியோடு வந்தார். திறந்தால் உள்ளே பஞ்சில் அந்தத் துண்டு. விழுந்ததன் பின்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டார். பல் பார்ப்பது உன் வேலையா என் வேலையா என்று நான் எடுத்தெறிந்து பேசினேன். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவரை ஒருமையில் பேசியதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அவர் வெளியே போனார். வெளியே என்றால் வீட்டுக்கு இல்லை, வேப்பமரத்தடிக்கு. மதியம் கடைசி நோயாளி போன பிறகு அதே தீப்பெட்டியோடு, அதே முகத்தோடு உள்ளே வந்தார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. கட்டடத்துல காரை பேந்து வந்தா நாங்க அதோட முதுகைத்தான் பாப்போம். கல்லுத் துணுக்கு ஒட்டிட்டு வந்தா பிடிப்பு நல்லாருந்துச்சுன்னு அர்த்தம். மொழுமொழுன்னு வந்தா கல்லுல அழுக்கு இருந்துச்சுன்னு அர்த்தம். இது மொழுமொழுன்னு இருக்குங்க. இது விட்டுப்போவல, பிடிக்கவே இல்ல."

லென்ஸை வாங்கிப் பார்த்தேன். துண்டின் பின்புறம் கண்ணாடி போலப் பளபளத்தது. எனாமலின் சொரசொரப்பு ஒரு புள்ளியில்கூட அதில் பதிந்திருக்கவில்லை. நாலு வருஷம் படித்த நான் பார்க்காத இடத்தை அவர் தீப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. மூன்றாம் முறை வைப்பதற்கு முன்னால், பிடுங்கிய பற்களில் இதே மாதிரி ஒட்டி, உடைத்துப் பார்க்க வேண்டும். இன்னொரு முறை விழுந்தால் பெண் வாயையே திறக்கமாட்டாள் என்றார்.

அவருடைய ஆய்வுக்கூடத்து மூலையில் ஒரு பழைய இயந்திரம் சும்மா கிடந்தது. எட்டு என்ற எண்ணைப் போல இடுப்பு சிறுத்த சிமெண்ட் கட்டியை அதில் மாட்டி, மறுமுனையில் தொங்கும் வாளிக்குள் ஈயக் குண்டுகளைக் கொட்டிக்கொண்டே போவார்கள். கட்டி எப்போது இழுபட்டு முறிகிறதோ அப்போது குண்டு விழுவது நின்றுவிடும். வாளியின் எடைதான் கட்டியின் பலம். மேலதிகாரியிடம் கேட்டு, சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அதை உபயோகிக்க அனுமதி வாங்கிவிட்டார். என் பங்குக்கு நான் பற்களைக் கொண்டுபோக வேண்டும்.

ஒரு கண்ணாடி பாட்டிலில் உப்புத் தண்ணீர் ஊற்றி, பிடுங்கிய பற்களைப் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், பூண்டு ஊறுகாயா என்று கேட்டார். நானும் ஏதோ ஞாபகத்தில், இல்லைங்க, பல்லுதான் என்றேன். நல்ல பெரிய பல்லா இருக்கே, எந்தச் சந்தையில் வாங்கினீர்கள் என்று அவர் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த சீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். கலியபெருமாளிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த குண்டெல்லாம் தரையில் ஓடின. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பல்லின் வேரைச் சிமெண்ட் கட்டிக்குள் பதித்து, எனாமல் முகம் மட்டும் வெளியே தெரியும்படி செய்தார். நான் அமிலம் வைத்து, கழுவி, உலர்த்தி, பசையை ஒட்டி, அதற்குள் ஒரு கம்பி வளையத்தைப் பதித்தேன். வளையத்தை இயந்திரத்தில் மாட்டிக் குண்டைக் கொட்டினார். குண்டு விழுந்துகொண்டே இருந்தது. பாதி வாளி தாண்டியும் ஒட்டு அசையவில்லை. கடைசியில் 'டிக்' என்று முறிந்தபோது அவர் வாளியைப் பார்க்கவில்லை, முறிந்த முகத்தைத்தான் பார்த்தார். பசை நடுவே உடைந்திருந்தது. ஒட்டிய இடம் பல்லோடு அப்படியே நின்றது. நான் கையைத் தட்டினேன். அவர் முகம் தொங்கிவிட்டது.

"இங்க நிக்குது. வாயில நிக்கல. அப்ப வாயிலதான் ஏதோ நடக்குது" என்றார்.

மூன்று சனிக்கிழமை இப்படியே போனது. எச்சில்தான் காரணம் என்றால் நான்தான் பஞ்சு வைத்துத் தடுக்கிறேனே என்று வாதாடினேன். அமிலத்தைச் சந்தேகித்தோம், பசையைச் சந்தேகித்தோம், ஊர்த் தண்ணீரைக்கூடச் சந்தேகித்து ஆஸ்பத்திரித் தண்ணீரைக் குடத்தில் கொண்டுபோய்க் கழுவிப் பார்த்தோம். ஆய்வுக்கூடத்தில் எதுவும் விழவில்லை. உடைத்து உடைத்தே பசை தீர்ந்துகொண்டு வந்தது. கடைசியில் இரண்டு டப்பாவையும் வழித்தால் ஒரு பல்லுக்கு மட்டும் வரும் என்ற நிலை. மதராஸிலிருந்து அடுத்தது வர ஒரு மாதமாகும். நேர்முகத் தேர்வு அடுத்த புதன்கிழமை. இந்த வாரமும் இப்படியே இருந்தால் வெள்ளிக்கிழமை பல்லை எடுத்துவிடலாம் என்று பெரிய டாக்டர் நாளும் குறித்துவிட்டார்.

அந்த வியாழக்கிழமை கலியபெருமாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து என் அறை மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அவர் என் முன்னால் உட்கார்ந்ததும் அன்றுதான். சும்மா பார்க்கிறேன் என்றார். மற்றவர்களுக்கு வைக்கப் பசை மிச்சம் இல்லாததால் பழைய பல் சிமெண்டில் குழி அடைக்கும் வேலையும், சுத்தம் செய்யும் வேலையும்தான் நடந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று நோயாளிகள் வந்தார்கள், போனார்கள். ஆறாவது ஆள் போன பிறகு எழுந்துவந்து, வாய் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். பசையைக் குழைப்பேன் என்றேன். அது இரண்டு பசை சேர்ந்து இறுகுவது. தாமதித்தால் கெட்டியாகிவிடும். அதனால் நோயாளி கையில் டம்ளரைக் கொடுத்துவிட்டு, திரும்பி மேசையில் குழைக்கத் தொடங்கிவிடுவேன். பழக்கதோஷத்தில் மற்ற வேலைகளிலும் அப்படியே திரும்பிக்கொள்வேன்.

"அதாங்க. எல்லாம் உங்க முதுகுக்குப் பின்னாடி நடக்குது. டம்ளரை வாங்குன ஆறு பேரும் தண்ணிய வாயில ஊத்துனதும் ஆள்காட்டி விரலை உள்ள வுட்டு முன்பல்லைத் தேய்க்கிறாங்க."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. பிறகு காதெல்லாம் சூடாகிவிட்டது. நம் ஊரில் வாய் கொப்பளி என்றால் யார் சும்மா கொப்பளிக்கிறார்கள்? பல்பொடியும் கரித்தூளும் விரலில் தொட்டுத் தேய்த்து வளர்ந்த கை அது. தண்ணீர் வாய்க்குள் போனால் விரல் தானாகக் கூடவே போகும். காலையில் நானும் அப்படித்தான் செய்கிறேன். அமிலம் பட்டுச் சொரசொரப்பாய்க் காத்திருந்த எனாமலின் மேல் எச்சிலையும் விரல் எண்ணெயையும் அழுந்தத் தேய்த்து, குழிகளை எல்லாம் அடைத்துவிடுகிறார்கள். நான் திரும்பி, ஊதி உலர்த்தி, அந்த அழுக்கின் மேல் பசையை அப்பியிருக்கிறேன். எச்சில் படக்கூடாது என்று புத்தகத்தில் இருந்தது, கழுவு என்றும் இருந்தது. தண்ணீர் பீய்ச்சும் குழல் இல்லாத ஆஸ்பத்திரியில் எப்படிக் கழுவுவது என்று அதில் இல்லை.

அவருக்கு அதுவும் போதவில்லை. சாயங்காலம் ஷிப்ட் மாறும் நேரத்தில் என்னை ஆலைக்கு அழைத்துப்போனார். இருந்த பசையில் ஒரு கடுகளவு மட்டும் கொடுங்கள் என்று கெஞ்சினார். அது போனால் உங்கள் பெண்ணுக்கு இல்லாமல் போய்விடும் என்று கத்தினேன், கொடுத்தேன். அமிலம் வைத்துக் கழுவிய பல்லின் மேல் தன் விரலை வாயில் தொட்டு ஒரு தேய் தேய்த்தார். உலர்த்தி ஒட்டினோம். இறுகியதும் மாட்டினார். வாளிக்குள் முதல் கைப்பிடிக் குண்டு விழுந்து முடிவதற்குள் ஒட்டு கழன்று தொங்கியது. துண்டைத் திருப்பினார். மொழுமொழுவென்று இருந்தது. அதை என் உள்ளங்கையில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை, பெரிய டாக்டர் வருவதற்கு முன்னால் தமிழ்ச்செல்வியை உட்கார வைத்தேன். டம்ளரை எடுத்து அலமாரியில் பூட்டினேன். ஊசி போடும் பெரிய கண்ணாடிச் சிரிஞ்சில் நர்ஸ் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தாள். அமிலம் வைத்து ஒரு நிமிடம் ஆனதும், தலையைப் பேசின் பக்கம் குனிய வைத்து, வாயை மூடாமல், சிரிஞ்சால் பீய்ச்சிக் கழுவினோம். கலியபெருமாள் மகளின் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் பிடித்துக்கொண்டார். தண்ணீர் பல்லில் பட்டதும் அவளுடைய வலது கை தன்னை அறியாமல் மேலே எழுந்தது. அவர் விடவில்லை. கை பாதியிலேயே நின்றது. பல் சுண்ணாம்பாய் வெளுத்துக் காய்ந்தது. டப்பாக்களைச் சுரண்டி எடுத்த கடைசிப் பசையை வைத்தேன்.

முடிந்ததும், இதை எப்படிங்க டெஸ்ட் பண்றது என்று கேட்டார். முடியாது, விழாமல் இருக்கிறதா என்று காத்திருந்துதான் பார்க்க வேண்டும் என்றேன். வாழ்நாளெல்லாம் எதையும் உடைத்துப் பார்த்தே நம்பியவர் திகைத்துப்போய் நின்றார். "உடைச்சுப் பாக்க முடியாததைக் கும்புட்டுத்தான் வுடணும் போல" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். மறுநாளிலிருந்து தினமும் ஷிப்டுக்குப் போகும் வழியில் ஆஸ்பத்திரி கேட்டில் ஒரு காலை ஊன்றி நிற்பார். நான் ஜன்னலில் தெரிந்ததும் "நிக்குதுங்க" என்பார். அந்த ஒரு சொல்லோடு மிதித்துப் போய்விடுவார். எனக்கும் அந்தச் சொல்லைக் கேட்காமல் வேலை ஓடாது என்று ஆகிவிட்டது.

திருச்சிக்குப் போய்வந்த மறுநாள் அப்பாவும் மகளும் சேர்ந்து வந்தார்கள். எப்படி வாசித்தாய் என்று கேட்டேன். அவள் சுற்றிலும் பார்த்தாள். சுவரில் மாட்டியிருந்த ஆஸ்பத்திரி அறிவிப்புப் பலகையை, எச்சில் துப்பாதீர் என்பதில் தொடங்கி, காலணிகளை வெளியே விடவும் என்பது வரைக்கும், வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி உரக்க வாசித்தாள். கை இரண்டும் பக்கவாட்டில் இருந்தன. கலியபெருமாள் அந்தப் பலகையை அன்றுதான் பார்ப்பவர்போல முகத்தை அதன் பக்கமே வைத்துக்கொண்டிருந்தார், எங்கள் பக்கம் திரும்பவில்லை. அவளுக்கு இடம் கிடைத்தது. எந்தப் பசையும் ஆயுள் முழுக்க வராது. சில வருஷம் கழித்து அதுவும் உடைந்தது. அன்றைக்கும் ஒரு தீப்பெட்டியோடு வந்தார், ஆனால் மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தவர் போல முகம். ஒட்டு விடலைங்க, பொருள்தான் உடைஞ்சிருக்கு என்றார்.

இப்போது அந்தத் தவறு. அதே வருஷம் திருச்சியில் நடந்த பல் மருத்துவர்கள் கூட்டமொன்றில், கிராமத்து ஆஸ்பத்திரிகளில் ஒட்டுப்பல் ஏன் விழுகிறது என்று எழுந்து பேசினேன். விரலைப் பற்றிச் சொன்னதும் கூட்டம் சிரித்தது, பிறகு கை தட்டியது. 'நான் கவனித்தேன்' என்று சொன்னேன். 'கலியபெருமாள் என்று ஒருவர் கவனித்தார்' என்று சொல்லவில்லை. சிமெண்ட் ஆலைத் தொழிலாளி ஒருவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார் என்பதை அந்தச் சட்டை மடிப்புக் கலையாத கூட்டத்தில் சொல்ல வெட்கமாக இருந்தது. பல வருஷம் கழித்து அவரிடம் இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "பல்லு நின்னுச்சுல்ல, வுடுங்கம்மா" என்று பேச்சை மாற்றிவிட்டார். அவர் விட்டுவிட்டார், என்னால் விட முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்: முதுகுக்குப் பின்னால் நடந்ததைக் கவனித்தவர் கலியபெருமாள்.

இப்போது என் கிளினிக்கில் தண்ணீர் பீய்ச்சும் குழல் இருக்கிறது, உறிஞ்சும் குழல் இருக்கிறது. யாரும் டம்ளரைத் தொடுவதே இல்லை. ஆனாலும் அமிலத்தைக் கழுவும் நேரம் வந்தால், என் இடது கை நோயாளியின் வலது மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. நாற்பது வருஷமாக இப்படித்தான். பாசமான டாக்டரம்மா, பயப்படாமல் இருக்கக் கையைப் பிடித்துக்கொள்வார் என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. ஒட்டுப்பல் டாக்டரம்மா என்ற பெயரை அது எப்போதோ அழித்துவிட்டது. அந்தப் பிடி என்னுடையது இல்லை, கலியபெருமாளுடையது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.

செய்தி வந்த அன்று மதியம் கல்லங்குறிச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவரைப் பந்தலில் கிடத்தியிருந்தார்கள். தமிழ்ச்செல்வி தலைமையாசிரியையாக இருந்து போன வருஷம்தான் ஓய்வு பெற்றாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். அழுகை முட்டியபோது அவளுடைய வலது கை வாயைப் பொத்த மேலே எழுந்தது, அந்தப் பதினேழு வயதில் எழுந்ததுபோல. என்ன செய்கிறேன் என்று யோசிப்பதற்குள் நான் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். அவள் என் கையைப் பார்த்தாள், பந்தலில் கிடந்தவரைப் பார்த்தாள்.

"நான் பல்லைத் தேய்க்கல டாக்டர்" என்றாள், அழுகையும் சிரிப்புமாய்.

தெரியும்மா என்றேன். கையை விடவில்லை.